சாரை மேல் நான் சொன்ன சாட்சி

எனக்குப் பாம்பென்றால் பயம். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. திண்டுக்கல் டவுனில் ஒரு சந்துக்குள் பிறந்து வளர்ந்தவள் நான், வாத்தியார் வீட்டுப் பெண். எங்கள் தெருவில் நான் பார்த்த பெரிய மிருகம் பால்காரரின் எருமைதான். தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி நிலக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது, அப்பா பாத்திர பண்டத்தோடு வனத்துச் சின்னப்பர் படம் ஒன்றையும் சட்டம் போட்டுக் கொடுத்தனுப்பினார். விஷப்பூச்சிகளிடமிருந்து காக்கிற புனிதர் அவர் என்பது எங்கள் கத்தோலிக்க ஆட்களின் நம்பிக்கை. படத்தைக் கட்டிலுக்கு நேரே மாட்டிவிட்டு, அதற்குக் கீழே ஒரு டார்ச் லைட்டையும் வைத்துக்கொண்டேன். சாமி மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பயம் அவ்வளவு.

தோட்டத்தில் ஒரு ஏக்கர் மல்லி, இரண்டு ஏக்கர் மக்காச்சோளம், ஒரு கிணறு, மோட்டார் ரூம், ஒரு பசு. வீட்டில் நானும் அவரும்தான். மாமனார் மாமியார் ஊருக்குள் மூத்தவர் வீட்டில் இருந்தார்கள். வந்த இரண்டாவது வாரமே அதைப் பார்த்துவிட்டேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் வாய்க்கால் வரப்பில், ஆள் நீளத்துக்கும் மேலே, பழுப்பும் மஞ்சளுமாக, வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் கிணற்றடியிலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்தார். வந்தவர் அதைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே ஊன்றிவிட்டுச் சிரித்தார்.

"சாரை புள்ள. அது பாட்டுக்கு இருக்கும். நீ உம் பாட்டுக்கு இரு."

"எம் பாட்டுக்கு எங்கிட்டு இருக்கச் சொல்றீங்க? வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்கவா?"

"அதுக்கு எலி போதும். நீயெல்லாம் அது வாய்க்குள்ள போற ஆளா? ரொம்பப் பெருசு."

இதற்கு அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் பாய்ச்சும்போது அது குறுக்கே வந்தால், கடந்து போகும்வரை நின்றுவிட்டுத்தான் நடப்பார். வரப்பில் எலி வளை தோண்டினால் தண்ணீரெல்லாம் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். இது இருக்கிற வரைக்கும் அந்தக் கவலை இல்லை என்பார். எனக்கு ஒரு நாளாவது இப்படி வழி விட்டிருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் சிரிப்புதான்.

மகள் பிறந்த பிறகு என் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை என் காலைப் பற்றித்தான் பயந்தேன். இப்போது அவள் தவழுகிற தரை முழுவதும் பயம். பூப்பறிக்கப் போகும்போது அவளை வேப்பமரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு, நாலு பூவுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். எங்களோடு பூப்பறிக்க ஒரு அக்கா வருவார். "ஏம்மா, நீ பறிக்கிற லட்சணத்துக்கு மொட்டெல்லாம் செடியிலேயே விரிஞ்சிரும்" என்று திட்டுவார். திட்டட்டும் என்று விட்டுவிடுவேன்.

மகளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பங்குனி மாதக் காலையில் அது நடந்தது. அவர் பூ மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அந்த அக்கா செடிகளுக்கு நடுவிலிருந்து, "அடியாத்தீ, இங்கிட்டு வந்து பாரு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வரப்பின் மேல் இரண்டு பாம்புகள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு, இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றன. சாய்ந்து விழுந்தன, மறுபடி எழுந்தன.

அந்த அக்கா பயப்படவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "சாரையும் நல்லதும் பிணையுது. கண்ணுல படுறது லேசா? வீட்டுல புது வேட்டி இருந்தா எடுத்துட்டு வா, மேல போட்டு எடுத்து வச்சுக்கிட்டா குடும்பம் விளங்கும்" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் ஜோடி. எனக்கு வேட்டி காதில் விழவில்லை. 'நல்லது' என்றது மட்டும் விழுந்தது. அப்படியானால் இத்தனை நாள் இங்கே நல்ல பாம்பு இருந்திருக்கிறது. இத்தனை நாள் என் பிள்ளை தவழ்ந்த தரையில்.

மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்கு ஓடினேன். அங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். அவர்கள் ஒன்றை அடித்துவிட்டார்கள். மற்றது சோளத்தட்டைக்குள் போய் மறைந்துவிட்டது.

அவர் வந்ததும் செத்ததைப் பார்த்தார். குச்சியால் புரட்டினார். "ரெண்டுமே சாரைதான். ரெண்டும் ஆம்பள. சண்ட போட்டுச்சுக. அதப் போயி..." என்றவர் வரப்போரம் குழி தோண்டிப் புதைத்தார். நான் நம்பவில்லை. மனிதர் சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். மறுநாள் அந்த அக்கா வேறு, "தப்பிச்சுப் போனது சும்மா விடாது. சோடிய இழந்தது தேடி வரும், பாத்து இருந்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதைச் சொல்ல மறந்தாலும் இந்த மாதிரி விஷயத்தைச் சொல்ல மறக்க மாட்டார்.

அதிலிருந்து ஒன்பது பத்து மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாசலில் பூண்டைத் தட்டிப் போட்டேன். சாக்கடை ஓட்டைக்குத் துணி அடைத்தேன். கட்டிலிலிருந்து இறங்குமுன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். வீட்டைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கச் சொன்னேன். மகள் மண்ணில் கால் வைத்தால் அடிப்பேன். அடித்துவிட்டு அழுவேன். வெளியே போய் விளையாடத் தெரியாத பிள்ளையாகவே அவளை வளர்த்தேன்.

எலிகள் எப்போது கூடின என்று எனக்குத் தெரியாது. கிணற்று மேட்டில் முதலில் இரண்டு வளை தெரிந்தது. புரட்டாசிக்குள் வரப்பெல்லாம் சல்லடையாகிவிட்டது. ஒரு மடைக்கு விட்ட தண்ணீர் மறு மடைக்குப் போய்ச் சேரவில்லை. மோட்டார் ஒயரைக் கடித்தன. சோப்பைக் கடித்தன. விதைச் சோளம் வைத்திருந்த சாக்கில் கை விட்டால் தூசிதான் வந்தது. ஒரு நாள் விடியலில் மகள் சிணுங்குகிறாளே என்று பார்த்தேன். குதிகாலில் எலி தோலைச் சுரண்டியிருந்தது. ரத்தமில்லை, ஆனால் பல்லின் தடம் தெரிந்தது. நான் வீடு அதிரக் கத்தினேன்.

"கத்தி என்ன ஆகப் போகுது?" என்றார் அவர். முதல் தடவையாகக் குரலில் கோபம் இருந்தது. "திங்கிறதுக்கு ஆளில்ல, பெருகுது. இம்புட்டு எலி ஒரு இடத்துல கெடந்தா, அது வாசத்துக்கு எது எதெல்லாம் வருமோ."

"வராம என்ன? மிச்சமிருக்குற ஒண்ணு வந்துக்கிட்டுத்தான் இருக்கும்" என்றேன் நான். எனக்கு அந்த ஒன்றைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. எது வந்தாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்.

தை மாதம் சோளம் அறுத்து, கதிரை முற்றத்தில் குவித்து, தட்டையை மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் படப்பாக அடுக்கியிருந்தோம். மத்தியானம் தாண்டி, வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதிர்க் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் பசுவுக்குத் தட்டை உருவ, படப்புக்குள் கையை விட்டார். அதே நொடியில் படப்பின் அடியிலிருந்து ஒரு நீளமான சாரை சரசரவென்று வெளியே பாய்ந்து முற்றத்தின் குறுக்கே ஓடியது. நான் வீறிட்டேன். அவரும் "ஆ" என்று கையை உதறினார். வலது ஆள்காட்டி விரலில் இரண்டு பொட்டு ரத்தம்.

"அதுதான்! அதேதான்! ஐயோ, புடிங்க!" என்று நான் கத்தியதில், கதிர் உரிக்க வந்திருந்த ஆட்கள் தடியோடு ஓடி வாய்க்காலோரம் அதை மடக்கி அடித்துவிட்டார்கள். அடித்துக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள். தலையில் படமெடுக்கிற பாம்பு இல்லை, ஒன்றுமில்லை, வெறும் சாரை. "சாரை கடிச்சா மஞ்சத்தூள் வச்சாப் போதும்" என்றார் ஒருவர். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பத்து மாதமாக நான் பயந்தது நல்ல பாம்புக்கு இல்லை, இதற்குத்தானா?

அவர் மட்டும் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "உள்ள ஒரு சீத்தம் கேட்டுச்சு. குக்கர் விசில் விடுறதுக்கு முன்னாடி வருமே, அந்த மாதிரி. சாரை அப்படிச் சீறாது" என்றார்.

"நான் பாத்தேன்ல? உங்க கைக்குக் கீழருந்துதான் ஓடுச்சு" என்றேன்.

"கடிச்சதப் பாத்தியா?"

"பாத்தேன்."

பார்க்கவில்லை. ஓடியதைத்தான் பார்த்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கை வீங்கத் தொடங்கியது. எதற்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றார்கள். கடித்த பாம்பையும் கொண்டுபோனால்தான் டாக்டருக்கு மருந்து தெரியும் என்பது ஊர் வழக்கம். செத்த சாரையை யூரியா சாக்கில் போட்டுக் கட்டி என் காலடியில் வைத்தார்கள். மகளை அந்த அக்காவிடம் விட்டுவிட்டு, பூ ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போகிற வேனில் ஏறினோம். வேன் முழுக்க மல்லி வாசம். அவர் என் தோளில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். செத்த பாம்புதானே என்று தெரிந்தும், சாக்கில் கால் படாமல் வழி நெடுகக் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். சாக்கைப் பிரித்துப் பார்த்தார். "இது சாரைம்மா. விஷம் கிடையாது" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. "இதுதான் கடிச்சதா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

டாக்டர் இவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாரைன்னா இவ்வளவு வீங்காதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "டி.டி. ஊசி ஒண்ணு போட்டுறலாம். செத்த நேரம் இங்கயே இருங்க, பாப்போம்." அவர் அந்தப் பக்கம் போனதும், வராண்டாவில் பெஞ்சில் இவரை உட்கார வைத்துவிட்டு, எதிர்க்கடையில் டீயும் பன்னும் வாங்கி வந்தேன். வரும் வழியில் வனத்துச் சின்னப்பருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். நல்லவேளை, சாரை. நல்லவேளை.

டீயைக் கொடுக்கும்போது பார்த்தேன். இடது கையில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்து முழங்கை வரை வழிந்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். பன்னைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி வழிந்திருந்தது. மறுபடி துடைத்தேன். ஊசி போட்ட துளை என்ன பெரிய துளை? அது நிற்க வேண்டாமா? பன்னில் அவர் பல் பட்ட இடம் சிவப்பாக இருந்தது.

எனக்கு அப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. இதை எப்படிச் சொல்வேன்? நான் சாரை என்று சொல்கிறவரை அது சாரை. அவருக்கு ஒன்றும் ஆகாது. வாயைத் திறந்து 'பார்க்கவில்லை' என்று சொல்லிவிட்டால், படப்புக்குள் இருந்தது என்னவென்று யாருக்கும் தெரியாமல் போய்விடும், அவர் செத்துப்போவார். இப்படித்தான் என் புத்தி வேலை செய்தது. முந்தானையை மடித்து அந்தத் துளை மேல் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்? டீ ஆறி ஆடை படிகிற நேரம். அந்த நேரம் போதும் ஒரு உயிர் போவதற்கு.

"தண்ணி குடு" என்றார். குடித்துக் கொப்பளித்துத் துப்பினார். தரையில் ரத்தம். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னைத் தூக்கி எழுப்பியது. ஓடினேன். டாக்டர் வேறு யாருக்கோ நாடி பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் போய் விழுந்தேன்.

"சார், நான் பாக்கல. கடிச்சத நான் பாக்கல சார். ஓடுனதத்தான் பாத்தேன். அவரு சீத்தம் கேட்டுச்சுன்னு சொன்னாரு சார், நான்தான் இல்லன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து வேகமாக நடந்தார். ஒரு கண்ணாடிக் குழாயில் இவருடைய ரத்தத்தை எடுத்து மேஜை மேல் அசையாமல் நிறுத்தினார்கள். இருபது நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும், உறைந்தால் நல்லது என்றார் நர்சம்மா. நான் அந்தக் குழாயின் முன்னால் முழங்காலிட்டு நின்றேன். செபமாலை மணிகள் விரலில் ஓடின, மந்திரம் வாயில் வரவில்லை. இருபது நிமிஷம் ஆனதும் டாக்டர் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. "விரியன்" என்றார்.

அதற்குப் பிறகு மருந்து ஏற்றினார்கள். ஒரு பாட்டில் முடிய இன்னொரு பாட்டில். சிறுநீர் ரத்தமாகப் போனது. உடம்பெல்லாம் நடுங்கியது. கன்னத்தில் ஊதினால்கூட உடைந்துவிடும் போல முகம் வீங்கியது. நான் ராத்திரி பகல் தெரியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் அந்த அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். படப்பைப் பிரித்தபோது அடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்ததாம். வயிறு புடைத்திருந்ததாம். அடித்துப் பார்த்தால் உள்ளே முழுசாக ஒரு எலி. "சாரையும் அந்த எலிகளுக்குத்தான் வந்திருக்கும் போல" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் பிழைத்துவிட்டார். ஆள்காட்டி விரலில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சிறுநீரகம் கைவிட்டிருக்கும் என்றார் டாக்டர். அந்த ஒரு மணி நேரம் யாரால் போயிருக்கும் என்று என் வீட்டுக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். முற்றத்தில் நின்று அவர் தோட்டத்தைப் பார்த்தார். கதிர்க் குவியலின் மேல் பட்டப்பகலில் ஒரு எலி உட்கார்ந்து, எங்களைச் சட்டை செய்யாமல் கொறித்துக்கொண்டிருந்தது.

"அந்தச் சாரைய எங்க போட்ட?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குப்பையில் போட்டதைச் சொன்னேன்.

"ரெண்டு சாரையும் இருந்த வரைக்கும் நம்ம பிள்ளை கால எலி தொடல" என்றார்.

"பயந்துட்டேங்க" என்றேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்... பயத்துல வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"நானுந்தான் புள்ள பயந்தேன். சீத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன். அந்த வேன்ல போறப்ப ஒரு தடவையாச்சும் என்னய நம்பியிருக்கலாம்ல?"